மேகம் தரையிறங்கிய கதை – 7: ஒண்டுக்குடித்தனம்

2008 அக்டோபர். சியாட்டிலை ஒட்டியிருக்கும் ரெட்மண்ட். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் பரம்வீர் பஹ்ல், சில ஆய்வாளர்களை அழைத்து ஒரு சிறு கூட்டம் போட்டார். கைப்பேசிக் கணிமை எந்தப் பக்கம் போகிறது என்று பேசிப் பார்ப்பதற்காக.

ஐஃபோன் கடைக்கு வந்து ஒன்றேகால் ஆண்டு ஆகியிருந்தது. எல்லார் வாயிலும் மேகம். கைப்பேசிக்கு மூளை போதவில்லையா, கவலையை விடு, வேலையைத் தூரத்து டேட்டா சென்டருக்குத் தள்ளிவிடு, அது கணக்குப் போட்டு விடையை அனுப்பிவிடும். அன்றைய வேதம் அதுதான்.

அந்தப் பேச்சிலிருந்து அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை பிறந்தது. எழுதியவர்கள் நால்வர். வேதத்தின் முக்கியமான வரி ஒன்றை அது அடித்துவிட்டது.

●

கொஞ்சம் முன்கதை. சென்ற வாரம்வரை நாம் பெரிய இயந்திரங்களோடு இருந்தோம். 1967இல் ஐ.பி.எம்.மின் சிபி-67, ஒரே மெயின்ஃபிரேமைப் பல மெயின்ஃபிரேம்களாக நடிக்க வைத்தது. மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர். மெயின்ஃபிரேம் உலகுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த அந்த வித்தையை விஎம்வேர் சாதாரண இன்டெல் பெட்டிக்குக் கொண்டுவந்தது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் வந்தது. 2006இல் அமேசான் அந்த ஸென்னை வைத்தே கணிப்பொறியை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது.

மேகம் பிறந்துவிட்டது. ஆனால் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. அதைத் தரைக்கு இழுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு வந்தது?

●

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மகாதேவ் சத்யநாராயணன். கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர். துறையில் எல்லாருக்கும் ‘சத்யா’. சென்னை ஐ.ஐ.டி.யில் 1975இல் இளநிலையும் 1977இல் முதுநிலையும் முடித்தவர். அவர் அங்கே மாணவராக இருந்தபோதுதான், 1973இல், அந்த வளாகத்துக்கு ஐ.பி.எம். 370/155 வந்து சேர்ந்தது. இந்த 370 வம்சத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அத்தியாயம் முடிவதற்குள் அதன் பேரப்பிள்ளை ஒன்று மேடைக்கு வரும்.

கட்டுரையின் வாதம் எளியது. கண்ணாடி இழைக்குள் ஒளி, ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். டேட்டா சென்டர் 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 50 மில்லி செகண்டு. வழியில் ஒரு ரவுட்டர்கூடக் கால்தாமதம் செய்யாவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. காசைக் கொட்டினால் குழாயை அகலமாக்கலாம். நீளத்தை என்ன செய்வது?

மறதி நோய் உள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னது கட்டுரை. அவர் போட்டிருக்கும் கண்ணாடியில் கேமரா. எதிரே வருபவர் யார் என்று அது காதில் சொல்ல வேண்டும். பெயர் தாமதமாக வந்தால் என்ன பயன்? வந்தவர் சிரித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பார்.

ஆகவே மேகத்தை உடைத்துத் தெருவில் வை. காபிக்கடையில், டாக்டரின் முன்னறையில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சர்வர். ‘க்ளவுட்லெட்’ என்றார்கள். குட்டி மேகம். பின்னாளில் விளிம்புக் கணிமை என்று பேர் வாங்கிய துறையின் அஸ்திவாரக் கற்களில் இது ஒன்று.

அடுத்த கேள்வி உடனே வந்தது. அந்தப் பெட்டி காபிக்கடைக்காரருடையது. அவருக்குக் கணிப்பொறி நிர்வாகம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. முன்பின் அறியாத வாடிக்கையாளர் உள்ளே வந்து, தன் நிரலை அதில் ஓட்டுவார். பக்கத்து மேசைக்காரரின் நிரலை அது தொட்டுவிடக் கூடாது. அவர் எழுந்து போனால் எச்சில் இலைகூட மிஞ்சக் கூடாது.

அதாவது, சுவர் வேண்டும். 2009இல் கைக்கெட்டிய உறுதியான சுவர், மெய்நிகர் இயந்திரம்.

ஆனால் அப்படி ஓர் இயந்திரத்தின் வட்டுக் கோப்பு 8 ஜிகாபைட் வரும். காபி ஆறுவதற்குள் அதை வைஃபையில் எப்படி ஏற்றுவது?

இங்கேதான் ஓர் அழகான தந்திரம். கல்யாண மண்டபத்தில் அண்டா, குண்டா, அடுப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். சமையல்காரர் தன் கரண்டியையும் பெருங்காய டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். அதுபோல, பொதுவான அடித்தள இயந்திரம் பெட்டியிலேயே காத்திருக்கும். வாடிக்கையாளரின் கைப்பேசி சுமப்பது வேறுபாட்டை மட்டும். மேலடுக்கு என்று சொல்லலாம். அதன் அளவு 100 முதல் 200 மெகாபைட். பெட்டி இரண்டையும் ஒட்டி உயிர் கொடுக்கும்.

எடுத்துக்கொண்ட நேரம் 60 முதல் 90 நொடி.

பொதுவானதைப் பகிர்ந்துகொள், வேறுபடுவதை மட்டும் தூக்கு. இந்த ஒரே எண்ணம் இந்த அத்தியாயம் முழுக்க வேடம் மாற்றி மாற்றி வரப்போகிறது. கடைசியில் வரும் வேடம் அவ்வளவு அழகாக இருக்காது.

●

சத்யா குழு மெய்நிகர் இயந்திரத்தை இளைக்க வைக்கப் பாடுபட்ட அதே காலத்தில், கூகுளில் பால் மெனாஜ், ரோஹித் சேத் என்ற இரண்டு பொறியாளர்கள் வேறொரு பாதையில் இருந்தார்கள். 2006இல் லினக்ஸ் கெர்னலுக்காக அவர்கள் தொடங்கிய வேலைக்கு ‘ப்ராசஸ் கன்டெய்னர்’ என்று பெயர். கெர்னலுக்குள் ‘கன்டெய்னர்’ என்ற சொல் ஏற்கெனவே பல அர்த்தங்களில் அல்லாடிக்கொண்டிருந்ததால் ‘சிகுரூப்’ என்று பெயரை மாற்றினார்கள். 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24 பதிப்பில் அது சேர்ந்தது. ரெட்மண்ட் கூட்டத்துக்கு ஒன்பது மாதம் முன்பு. யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

என்ன செய்தார்கள் என்பது திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது தனி வீடு. தனிக் கிணறு, தனிச் சமையலறை, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். உள்ளே வருகிற நிரலுக்கு முழு இயங்குதளமும் சொந்தம், அதன் நடுவே இருக்கும் கெர்னல் உட்பட. பாதுகாப்பு பலம். செலவும் பலம்.

கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே வீடு, ஆறு குடும்பம், முற்றத்தில் ஒரே கிணறு. அந்தக் கிணறுதான் கெர்னல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு. ‘நேம்ஸ்பேஸ்’ என்ற வசதி ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், இந்த வீட்டில் உன்னைத் தவிர யாருமே இல்லை என்று கூசாமல் பொய் சொல்லும். சிகுரூப், வீட்டுக்காரர் மாதிரி. நாளைக்கு உனக்கு இத்தனை வாளித் தண்ணீர், அதற்கு மேல் கயிற்றைத் தொடாதே.

யோசனை புதிதல்ல. 1979 யூனிக்ஸிலேயே ‘சிஎச்ரூட்’ என்ற சிறு தடுப்பு உண்டு. 2000இல் ஃப்ரீபிஎஸ்டியின் ‘ஜெயில்’ வந்தது. ஆனால் லினக்ஸில் இந்தத் துண்டுகள் தனித்தனியாகத்தான் கிடந்தன. ஒரு குடித்தனம் அமைக்க ஏழெட்டு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைய வேண்டும். சாமானியருக்கு ஆகாது.

அப்படியே ஐந்து ஆண்டு போயிற்று.

●

2013 மார்ச். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா. பைதான் மொழிக்காரர்களின் ஆண்டு மாநாடு, பைகான். அங்கே ஒரு வழக்கம் உண்டு: யார் வேண்டுமானாலும் மேடையேறி ஐந்து நிமிடம் பேசலாம், ஆறாவது நிமிடம் இறங்கிவிட வேண்டும்.

சாலமன் ஹைக்ஸ் ஏறினார். டாட்கிளவுட் என்ற சிறிய நிறுவனத்தின் நிறுவனர். தங்கள் நிறுவனத்துக்குள் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு கருவியைக் காட்டப் போவதாகச் சொன்னார். திரையில் ஒரு கட்டளை. ஒரு கன்டெய்னர் எழுந்தது, உலகத்துக்கு வணக்கம் என்று ஒரு வரி அச்சடித்தது, செத்துப்போனது. கண் சிமிட்டும் நேரம்.

அந்தக் கருவியின் பெயர் டாக்கர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி.

என் கணக்கில் டாக்கர் எந்தச் சுவரையும் கண்டுபிடிக்கவில்லை. சுவர் எல்லாம் கெர்னலில் ஏற்கெனவே இருந்தது. ஹைக்ஸின் குழு கண்டுபிடித்தது பார்சல் கட்டும் முறை. சாம்பாரும் மூன்று சட்னியும் ஒன்றோடொன்று கலக்காமல், பஸ்ஸில் எட்டு மணி நேரம் போனாலும் கசியாமல் கட்டித் தருகிற ஹோட்டல் பார்சல்காரரைப் பார்த்திருப்பீர்களே, அந்த வித்தை. நிரல், அதற்கு வேண்டிய நூலகங்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே பொட்டலம். எங்கே பிரித்தாலும் அதே ருசி.

பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தால் பழைய நண்பர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடியில் உபுண்டு ஓர் அடுக்கு, அதன்மேல் பைதான் ஓர் அடுக்கு, உச்சியில் உங்கள் நிரல். பத்து பொட்டலங்களுக்கு அடியடுக்கு ஒன்றுதான் என்றால் அது வட்டில் ஒரே ஒரு முறைதான் இருக்கும். யாராவது அதில் எதையாவது மாற்ற முயன்றால், அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்து அவருக்குத் தனியாகக் கொடுத்துவிடும். சத்யா குழுவின் மேலடுக்கேதான். வெட்டிய இடம் மட்டும் வேறு. அங்கே 8 ஜிகாபைட் இயந்திரத்தை வெட்டினார்கள். இங்கே கெர்னலையே வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை வெட்டினார்கள்.

ஹைக்ஸ் அப்போது மனத்தில் வைத்திருந்தது டேட்டா சென்டர் சர்வர்களை. கம்பத்தில் தொங்கும் சென்சார் பெட்டியை அல்ல.

●

அந்தப் பெட்டி இதற்கு ஓராண்டு முன்பே பிறந்திருந்தது. 2012 பிப்ரவரி 29. விலை 35 டாலர், ஏ.டி.எம். அட்டை அளவு, 256 மெகாபைட் நினைவகம், 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் சிப். ராஸ்பெரி பை. ஊர், மறுபடியும் கேம்பிரிட்ஜ். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்று செய்தது. பிள்ளைகளோடு நிற்கவில்லை, தொழிற்சாலைக்கும் வானிலைக் கம்பத்துக்கும் போய்விட்டது.

இதில் தனி வீடு கட்ட முடியுமா? முடியாது. இடம் போதாதது ஒரு காரணம். இன்னொன்று ஆழமானது.

1974இல் ஜெரால்ட் போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் ஒரு நிபந்தனையை எழுதி வைத்தார்கள். குடியிருப்பவர் ஆபத்தான ஒரு கட்டளையைச் சொன்னால், சிப் உடனே வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அந்தச் சிப்பின்மேல் மெய்நிகர் இயந்திரத்தை ஒழுங்காகக் கட்டலாம். பழைய ஆர்ம் சிப்களில் சில கட்டளைகள் யாரையும் கூப்பிடாது. சத்தம் போடாமல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆர்ம் நிறுவனம் பிறகு புதிய சிப்களில் இதைச் சரிசெய்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் டால், ஜேசன் நீ இருவரும் அதற்கான மெய்நிகராக்கத்தை எழுத, 2013 ஏப்ரலில், ஹைக்ஸ் பேசிய அடுத்த மாதம், அது லினக்ஸ் 3.9இல் சேர்ந்தது. ஆனால் முதல் ராஸ்பெரி பையில் இருந்தது பழைய சிப். தனி வீட்டுக்கு மனையே இல்லை.

ஒண்டுக்குடித்தனத்துக்கு அந்த நிபந்தனை எதுவும் கிடையாது. கெர்னல் ஓடினால் போதும்.

டாக்கர் அன்று 64 பிட் இன்டெல்லுக்கு மட்டும். அதே 2013இல், ரெசின் என்ற புதிய நிறுவனத்தார் அதை ஆர்ம் சிப்புக்குப் பெயர்த்தார்கள். தூண்டியது வேகமல்ல, புதுப்பிப்பு. ஊருக்கு வெளியே கம்பத்தின் உச்சியில் ஒரு பெட்டி. அதன் நிரலில் பிழை. பழைய முறையில் முழு நினைவட்டையையும் மாற்றி எழுத வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி கல்லாகிவிடும், ஓர் ஆள் ஏணியோடு போக வேண்டும். ஆயிரம் பெட்டி என்றால் ஆயிரம் ஏணி. கன்டெய்னர் வந்ததும் அடித்தளத்தைத் தொடாமல் நிரலை மட்டும் மாற்ற முடிந்தது. புதியது எழுந்து நிற்கும்வரை பழையது காத்திருக்கும். அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அனுப்பினால், சிம் கார்டு டேட்டா செலவும் கையைக் கடிக்காது. நான்கு ஆண்டு கழித்து இவர்கள் டாக்கரின் உள்ளுறுப்புகளிலிருந்தே ஓர் இளைத்த இயந்திரத்தைச் செய்து ‘பலேனா’ என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் திமிங்கிலம். டாக்கரின் சின்னமும் திமிங்கிலம்தான்.

2015இல் ஹிப்ரியட் என்ற ஜெர்மன் ஆர்வலர் குழு ஒரு போட்டி அறிவித்தது: ஒரு ராஸ்பெரி பை 2இல் எத்தனை கன்டெய்னரை ஓட்டலாம்? 1 ஜிகாபைட் நினைவகத்தில் 2,000க்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அசெம்பிளியில் எழுதிய ஒரு துளி வலை சர்வர். திருவிழா வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பலகையில் ஒன்றிரண்டு தனி வீடு கட்டுவதற்கே மூச்சு வாங்கும். பிறகு ஃபின்லாந்தில் எரிக்ஸன் ஆய்வகத்தின் ராபர்ட்டோ மொராபிட்டோ இப்படிப்பட்ட சிறு பலகைகளை வரிசையாக வைத்து நிதானமாக அளந்தார். நிரலை நேரடியாக ஓட்டுவதற்கும் கன்டெய்னருக்குள் ஓட்டுவதற்கும் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம் என்று 2017இல் எழுதினார்.

குட்டி மேகம் இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம்.

●

2016 அக்டோபர் 19, புதன்கிழமை.

லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழை வெளியானது. பெயர் ‘டர்ட்டி கவ்’. அழுக்குப் பசு. பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘எழுதும்போது நகலெடு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன.

ஆம், அதே எண்ணம். இந்த முறை வட்டில் அல்ல, நினைவகத்தில். இரண்டு நிரல்கள் ஒரே நினைவுப் பக்கத்தைப் பார்க்கும். ஒன்று எழுத முயன்றால் கெர்னல் அதற்கு மட்டும் ஒரு நகல் எடுத்துத் தரும். நகல் எடுப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொரு இழை திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தால், என்றோ ஒரு முறை கெர்னல் தடுமாறும். நகலில் விழ வேண்டிய எழுத்து மூலத்திலேயே விழும்.

சாதாரணப் பயனர் நிர்வாகி ஆகிவிடலாம். அது போதாதென்று, எல்லா நிரல்களுக்கும் கெர்னல் பொதுவாகக் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பக்கத்தை இப்படிக் கெடுத்து, கன்டெய்னருக்குள்ளிருந்து வெளியே வரலாம் என்று சில நாள்களில் செய்தே காட்டினார்கள்.

பலகைத் தடுப்பு அசையவில்லை. ஆறாவது குடும்பம் கிணற்றில் இறங்கி முற்றத்தில் ஏறிவிட்டது.

பிழை நுழைந்தது எப்போது? 2007, லினக்ஸ் 2.6.22. சிகுரூப் சேர்ந்தது 2.6.24இல். குடித்தனம் பிரிப்பதற்கு முன்பே கிணற்றில் விரிசல் இருந்திருக்கிறது. அதன் வேர் இன்னும் பழையது. திருத்தத்தோடு லினஸ் டார்வால்ட்ஸ் எழுதிய குறிப்பில் ஓர் ஒப்புதல் இருந்தது: பதினொரு ஆண்டு முன்பே இதைத் தானே சரிசெய்ய முயன்றதாகவும், எஸ்390இல் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும்.

எஸ்390 என்பது ஐ.பி.எம். மெயின்ஃபிரேமுக்கான லினக்ஸ். 370இன் பேரப்பிள்ளை. மெய்நிகர் இயந்திரம் பிறந்த அதே குடும்பம்.

●

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. ட்விட்டர் திறக்கவில்லை. நெட்ஃப்ளிக்ஸ், ரெடிட் தள்ளாடின. இணைய முகவரிகளைத் தேடிக் கொடுக்கும் டைன் நிறுவனத்தின்மேல் அலை அலையாகப் போலிக் கோரிக்கைகள் வந்து விழுந்தன. அனுப்பியவை கண்காணிப்பு கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். மிராய் என்ற தீம்பொருள் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் வைத்து யாரும் மாற்றாமல் விட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம்.

மிராய்க்கும் அழுக்குப் பசுவுக்கும் தொடர்பில்லை. கன்டெய்னருக்கும் தொடர்பில்லை. ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். டேட்டா சென்டர் சர்வர் என்றால் கெர்னலைத் திருத்த அங்கே ஆள் உண்டு. தெருமுனைப் பெட்டிக்கு யார் இருக்கிறார்கள்? கன்டெய்னர் தந்த சௌகரியம் மேலடுக்கை மாற்றுவது. விரிசல் விட்டதோ கிணறு. அதைத் தூர்வார மறுபடியும் ஏணி, மறுபடியும் ஆள்.

ஒண்டுக்குடித்தனத்தை இலேசாக்கியதே அந்தப் பொதுக் கிணறுதான். கிணற்றைப் பிரித்துக் கொடுத்தால் தனி வீட்டு எடை திரும்பி வந்துவிடும்: மறுபடியும் 8 ஜிகாபைட், மறுபடியும் 90 நொடி.

இப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2017 அக்டோபரில், ஷாங்காய் மாநாட்டில் ஒரு கட்டுரை வந்தது. ஹைடல்பெர்கின் என்ஈசி ஆய்வகமும் புகாரெஸ்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. தலைப்பே தெருச்சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தது: எங்கள் மெய்நிகர் இயந்திரம் உங்கள் கன்டெய்னரைவிட இலேசு, பாதுகாப்பும் கூட. உள்ளே ஓர் எண். அவர்களுடைய தனி வீடு எழுந்து நிற்க ஆகும் நேரம் 2.3 மில்லி செகண்டு.

90 நொடி, 2.3 மில்லி செகண்டாக எப்படிச் சுருங்கியது? அந்த வீட்டிலிருந்து எதையெல்லாம் தூக்கித் தெருவில் எறிந்தார்கள்?

(தொடரும்)